தோல்வியிலும் தோளில் ஏறிய வீரர்

ஹர்லிங் என்னும் விளையாட்டை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அது அயர்லாந்து மக்களின் பழம்பெரும் விளையாட்டு. ஓர் அணிக்கு 15 பேர். ஒவ்வொருவர் கையிலும் நுனி வளைந்து அகன்ற ஒரு மரமட்டை இருக்கும். தோல் போர்த்திய சிறு பந்தை அம்மட்டையால் தரையிலும் அடிக்கலாம்; உயரத் தூக்கியும் அடிக்கலாம். இலக்குக் கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து புகுந்தால் 3 புள்ளிகள்; மேலே சென்றால் 1 புள்ளி. பெண்களும் இதனைக் காமோகி என்னும் பெயரில் 1904 முதல் ஆடி வருகின்றனர்.

இவ்விளையாட்டின் ஈடிணையற்ற வீரர்களுள் ஒருவர் கிறிஸ்டி ரிங். அயர்லாந்தின் தென்பகுதியில் கார்க் மாவட்டத்திலுள்ள கிளாய்ன் என்னும் சிற்றூரில் 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பிறந்தார். 1939 முதல் 1963 வரை கார்க் மாவட்ட அணிக்காக ஆடினார். 1941 முதல் 1944 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும், பின்னர் 1946, 1952, 1953, 1954 ஆகிய ஆண்டுகளிலும் அகில அயர்லாந்துச் சாம்பியன் பதக்கத்தை வென்றார். எட்டுப் பதக்கங்கள் பெற்ற முதல் ஹர்லிங் வீரர் அவரே. அவற்றுள் மூன்றினை அணித்தலைவராக நின்று வென்றார்.

இத்தனை புகழும் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. ஹர்லிங் வீரர்கள் ஆட்டத்துக்கு ஊதியம் பெறுவதில்லை. இன்றும் அதுவே முறை. ரிங் எண்ணெய் லாரி ஓட்டிப் பிழைத்தார். வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்திலேதான் பயிற்சி. அக்காலத்தில் தலைக்கவசம் அணியும் வழக்கமும் இல்லை. பணமில்லை, பாதுகாப்பில்லை, ஆயினும் ஊருக்காக ஆடுகிறோம் என்ற பெருமிதம் இருந்தது.

அவருடைய பண்பை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறோம். 1956-ஆம் ஆண்டு டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரணி வெக்ஸ்ஃபோர்டு. இரண்டாண்டுகளுக்கு முன் இதே அணியை வென்றுதான் ரிங் எட்டாம் பதக்கம் பெற்றிருந்தார். இப்போது அவருக்கு வயது 35. ஒன்பதாம் பதக்கம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ரிங் இலக்கை நோக்கிப் பந்தை ஓங்கி அடித்தார். வெக்ஸ்ஃபோர்டின் இலக்குக் காவலர் ஆர்ட் ஃபோலி அதனைத் தடுத்துவிட்டார்!

வேறொருவராயின் மட்டையைத் தரையில் அடித்துக் கொதித்திருப்பார். ரிங்கோ ஃபோலியை நெருங்கிக் கைகுலுக்கிப் பாராட்டினார். கார்க் தோற்றது. அப்போது வென்ற அணியின் தற்காப்பு வீரர்களான நிக் ஓ'டோனலும் பாபி ராக்கார்டும் தோற்ற ரிங்கைத் தம் தோள்மீது தூக்கி மைதானத்தைவிட்டுச் சுமந்து சென்றனர். ஒன்பதாம் பதக்கம் அவருக்குக் கடைசிவரை கிட்டவேயில்லை.

1979-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் ரிங் காலமானார். கிளாய்னில் அவர் கல்லறையருகே நின்று இரங்கலுரை ஆற்றியவர் ஜாக் லிஞ்ச். அவர் அன்றைய அயர்லாந்துப் பிரதமர். ரிங்குடன் ஒரே அணியில் ஆடிப் பதக்கங்கள் வென்றவர். லாரி ஓட்டியவரையும் நாட்டை ஆண்டவரையும் தோழராக்கியது ஒரு மரமட்டையன்றோ!

பின்னாளில் ஹென்றி ஷெஃப்லின் என்ற வீரர் 2014-ஆம் ஆண்டுக்குள் 10 பதக்கங்கள் பெற்று ரிங்கின் சாதனையைக் கடந்தார். சாதனைகள் முறியடிக்கப்படுவது இயல்பே. ஆனால் 1956-இல் ரிங் நீட்டிய கையை எந்தக் கணக்கும் முறியடிக்க முடியாது.

அன்புத் தோழியரே, நம் விளையாட்டு விழாவிலும் ஒருத்தி வெல்ல, பலர் தோற்கத்தான் வேண்டும். நம்மை வென்றவளிடம் முதலில் சென்று கைகுலுக்குபவர் நாமாக இருப்போம். அந்தப் பதக்கம் எல்லோருக்கும் உண்டு.