நார் போகும் வழியே ஆப்பு

வளைந்து கொடுத்துப் பின் நிமிர வேண்டிய மரக்கோல் எதுவாயினும், அது அம்பெய்யும் வில்லாக இருந்தாலும் தோளில் பாரம் சுமக்கும் காவுதடியாக இருந்தாலும், அதன் உறுதி எந்த மரம் என்பதை மட்டுமன்றி, அம்மரம் எவ்வாறு கோலாக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. பினாங்குத் தமிழர் வாழ்வில் இத்தகைய கோலுக்குப் பழைய இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களிலும் துறைமுகத்திலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு தடியைத் தோளில் தாங்கி, அதன் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிவகைகளையும் தொங்கவிட்டு நடந்து விற்றனர். இன்று மலேசியா முழுவதும் கடைகளில் கிடைக்கும் நாசி கண்டார் அவ்வாறு வந்ததே. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பக்தர்கள் எடுத்துச் செல்லும் எளிய மரக்காவடியும் ஒரு தண்டும் அதன்மேல் வளைத்துக் கட்டிய சட்டமுமாக அமைந்ததேயாகும்.

சுமப்பவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் காவுதடி சற்று வளைந்து நிமிர்கிறது. அப்போது அதன் மேற்புறம் இழுபடுகிறது, கீழ்ப்புறம் அமுங்குகிறது. நாணேற்றிய வில்லிலும் இதுவே நிகழ்கிறது. எய்பவரை நோக்கிய உள்முகம் அமுங்க, எதிர்ப்புறமான வெளிமுகம் இழுபடுகிறது. இழுபடும் முகத்தில் நார்கள் ஒரு முனை முதல் மறுமுனை வரை அறுபடாமல் ஓடினால் கோல் தாங்கும். ரம்பமோ நாரின் போக்கைப் பாராமல் கோடு போட்ட வழியே செல்வதால், நார் சற்றே சாய்ந்திருந்தாலும் அதைக் குறுக்கே அறுத்துவிடுகிறது. அவ்வாறு அறுபட்ட நார் வெளிமுகத்தில் முடியும் இடத்தில்தான் முதலில் சிலாம்பு எழும். பின்னர் அங்கேயே கோல் முறியும். ஆப்பு நார்களை அறுப்பதில்லை. அவற்றுக்கு இடையே புகுந்து, அவை போகும் வழியிலேயே மரத்தைப் பிரிக்கிறது.

பிளப்பதற்கு நேரானதும் கணு இல்லாததுமான அடிமரத் துண்டையே தேர்ந்தெடுப்பர். பட்டையின் வரிகள் திருகி ஓடினால் உள்ளே நாரும் பெரும்பாலும் திருகியே இருக்கும் என்பதால் அத்தகைய மரம் ஒதுக்கப்படும். ஈரம் உலராத பச்சை மரம் எளிதில் பிளவுபடும். மரத்துண்டின் வெட்டுமுகத்தில், நடுவைக் கடந்து செல்லுமாறு இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தால், வெடிப்பு பக்கவாட்டில் இறங்கி ஓடத் தொடங்கும். அந்த வெடிப்பில் சற்று முன்னால் அடுத்த ஆப்பை இறக்கியதும் முதல் ஆப்பு தளரும். அதைக் கழற்றி இன்னும் முன்னே அடிப்பர். வெடிப்பு அகன்ற பின் மர ஆப்புகளே போதும். அவற்றை மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் அடித்து இறக்கலாம். இரு பாதிகளுக்கும் குறுக்கே பற்றிக்கொண்டிருக்கும் நார்களைக் கோடரியால் வெட்டிவிடுவர்.

மரம் முதலில் அரையாகவும், பின்னர் காலாகவும், அதன்பின் அரைக்காலாகவும் பிளக்கப்படும். எந்த நிலையிலும் சரிபாதியாகப் பிளப்பதே முறை. ஒரு பக்கம் மெலிந்தால் அப்பக்கமே அதிகம் வளையும். வெடிப்பும் அதன் பக்கமாகவே ஒதுங்கி, முனையை எட்டுமுன் வெளியேறிவிடும். வெடிப்பு அவ்வாறு விலகும்போது, தேர்ந்த தச்சர் தடித்த பக்கத்தை அழுத்தி வளைத்து அதை நடுவுக்குத் திருப்புவார். பிளந்த கோலை வாய்ச்சியால் செதுக்கி, முனைகள் விரைவாக உலர்ந்து வெடிக்காதபடி அவற்றில் மெழுகு பூசி, நிழலில் காயவைத்த பிறகே இழைப்புளி வேலை தொடங்கும்.

பனைக் குடும்ப மரங்களில் நிலைமை வேறு. அவற்றில் ஆண்டு வளையம் இல்லை. நடுப்பகுதி சோறுபோல் மென்மையாக இருக்க, உறுதியான நார்க்கற்றைகள் வெளிவிளிம்பில் நெருங்கி நிற்கின்றன. ஆகவே உள்ளிருக்கும் சோற்றியை நீக்கி, விளிம்பு வைரத்திலிருந்தே கோல் எடுக்க வேண்டும். பினாங்குத் தீவுக்குப் பெயர் தந்த பாக்கு மரமும், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப்பகுதியிலுள்ள நிபோங் திபால் ஊருக்குப் பெயர் தந்த நிபோங் பனையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மலாய் மக்கள் நிபோங்கைப் பிளந்து வீட்டுத் தளத்துக்கு வரிச்சாகப் பயன்படுத்தினர். நியூகினியில் வில் செய்யவும் பனைவகை வைரமே பயன்பட்டது.

இந்தியாவில் இந்த அறிவு மிகப் பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என நான்கு பொருள்களால் ஆகும் விற்களைக் குறிப்பிடுகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி வட்டாரங்களின் வில்லுப்பாட்டில், வீசுகோலால் தட்டி இசைக்கப்படும் பெரிய வில்லையும் பனை வைரத்தில் செய்யும் வழக்கம் உண்டு. நிகழ்ச்சி முடியும்வரை அது நாணின் இழுப்பிலேயே நிற்க வேண்டியிருப்பதால், அறுபடாத நார் அதற்கும் இன்றியமையாதது. ஐரோப்பாவில் வில்லுக்கான யூ மரக்கோல்களே பெரும் வணிகப் பொருளாயின. இங்கிலாந்துக்கு வரும் கப்பல்கள் சரக்கின் அளவுக்கேற்ப விற்கோல்களையும் கொண்டுவர வேண்டும் என 1472-இல் சட்டமே இயற்றப்பட்டது. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்கள் மீட்கப்பட்டுள்ளன.

இன்று நாசி கண்டார் தோளிலிருந்து இறங்கிக் கடைக்குள் சென்றுவிட்டது; பெரிய காவடிகளும் எஃகுச் சட்டங்களால் அமைகின்றன. ஆயினும் பிளக்கும் முறை வழக்கொழியவில்லை. கிரிக்கெட் மட்டைக்கான ஆங்கில வில்லோ மரத்துண்டுகள், பந்தின் அடியைத் தாங்கும் முகத்தில் நார் நேராக ஓட வேண்டும் என்பதற்காக, இன்றும் ஆப்பு கொண்டு பிளக்கப்படுகின்றன. மண்வெட்டிக்கோ கோடரிக்கோ காம்பு வாங்குபவர்களும் இதே அளவுகோலைக் கொள்ளலாம்: காம்பின் பக்கவாட்டிலுள்ள நார்வரிகள் முனைவரை சென்றால் அது உழைக்கும், நடுவிலேயே விளிம்பைத் தாண்டி வெளியேறினால், என்றேனும் அந்த இடத்தில்தான் ஒடியும்.