வாக்குப் பொறியும் மக்கள் நம்பிக்கையும்

தேர்தலில் வென்றவர் தம் வெற்றியை ஐயுறுவதில்லை. தோற்றவரும், 'முறையாகவே தோற்றேன்' என்று மனம் அமைந்து வீடு திரும்புவாராயின் அதுவே நல்ல தேர்தலாகும். அந்த அமைதி இல்லாத நாட்டில் மக்களாட்சி நிலைபெறாது. ஆதலின், வாக்கைப் பதியும் முறையும் எண்ணும் முறையும் நேர்மையாக இருத்தல் மட்டும் போதாது. அவை நேர்மையானவை என்பது யாவருக்கும் புலப்படவும் வேண்டும்.

இந்தியாவில் நெடுங்காலம் மக்கள் வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட்டே வாக்களித்தனர். அம்முறை எளியது, ஆயினும் குறைகளும் உடையது. முத்திரை தவறிய சீட்டுகள் செல்லாதவை ஆயின. முரடர்கள் சாவடிக்குள் புகுந்து கட்டுக்கட்டாகச் சீட்டுகளைத் திணித்ததும் உண்டு. எண்ணி முடிக்கவும் நெடுநேரம் ஆயிற்று. இக்குறைகளை நீக்கும் வழியைத் தேர்தல் ஆணையம் 1977ஆம் ஆண்டில் நாடத் தொடங்கியது.

அம்முயற்சியின் பயனே மின்னணு வாக்குப்பதிவுப் பொறி. பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகமும் இதனைச் செய்கின்றன. முன்னது பாதுகாப்பு அமைச்சகத்தையும், பின்னது அணுசக்தித் துறையையும் சார்ந்தது. இரண்டும் அரசு நிறுவனங்களே. பொறியின் ஒரு பகுதி மறைவிடத்தில் இருக்கும். வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் பொத்தான்களும் அதில் அமைந்திருக்கும். மற்றொரு பகுதி அலுவலரின் மேசைமீது இருக்கும். அலுவலர் ஒருமுறை இசைவு தந்தால் ஒரு வாக்கே பதிவாகும். ஆகவே, நொடிப்பொழுதில் பல வாக்குகளைத் திணித்தல் இயலாது. மின்கலத்தால் இயங்குவதால், மின்வசதி இல்லாத சிற்றூர்களிலும் இது பயன்படும்.

இப்பொறி முதன்முதலாக 1982ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் வைக்கப்பெற்றது. சிவன் பிள்ளை 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இடமில்லாதபோது பொறியைப் பயன்படுத்த ஆணையத்திற்கு உரிமை இல்லை என்று 1984ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுதேர்தல் நடைபெற்றது. இம்முறை ஜோஸ் வென்றார். பொறி பழுதுடையது என்று நீதிமன்றம் கூறவில்லை. புதுமை எத்துணைச் சிறந்ததாயினும், அது மக்கள் மன்றத்தின் இசைவு பெற்றே வருதல் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

பின்னர், 1988ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2001ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் பொறிகளைக் கொண்டே நடந்தது. 2004ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் இம்முறையே கையாளப்பெற்றது.

எனினும் ஐயம் ஒழியவில்லை. சீட்டைக் கண்ணால் காணலாம்; கையால் எண்ணலாம். பொறிக்குள் நிகழ்வதையோ பொறியாளரே அறிவர். செய்தவர் சொல்லை மற்றவர் நம்பியே ஆகவேண்டும். இவ்வினா பிற நாடுகளிலும் எழுந்தது. ஜெர்மனியில் 2005ஆம் ஆண்டுத் தேர்தலில், நெதர்லாந்தின் நெடாப் நிறுவனம் செய்த பொறிகள் பயன்பட்டன. தனித்த தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முதன்மையான படிகளைச் சரிபார்க்க இயலவேண்டும் என்று கூறி, அப்பொறிகளின் பயன்பாடு அரசமைப்புக்கு முரணானது என 2009ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோசடி நடந்ததாக அது கூறவில்லை. மறைவாக எண்ணுவதையே குறையாகக் கண்டது.

இந்தியா பொறியை விடாமல், அதனுடன் காகிதத்தையும் சேர்த்துக்கொண்டது. பொத்தானை அழுத்தியதும், தேர்ந்த வேட்பாளரின் பெயரும் சின்னமும் பொறித்த சீட்டு ஒன்று கண்ணாடிக்குள் 7 நொடி தெரிந்து, பின் மூடிய பெட்டியில் விழும். இது 2013ஆம் ஆண்டில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதல் பயன்பட்டது; 2019ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் பரவியது. சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் 5 சாவடிகளைத் தேர்ந்து, அவற்றின் சீட்டுகளை எண்ணிப் பொறியின் கணக்கோடு ஒப்பிடுவர். வாக்குப்பதிவிற்கு முன்னரும், வேட்பாளரின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குகளைப் பதிந்து பொறியைச் சோதிப்பர்.

சீட்டுகள் அனைத்தையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை 2024ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், நூற்றுக்கு 5 பொறிகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கலாம் என்று வழி வகுத்தது. செய்தவரே சோதிப்பது போதுமா என்று வினவுவோரும் உளர். அவ்வினாவும் மக்களாட்சிக்கு உரியதே.

சான்றின்றிப் பழி கூறுதல் தேர்தலைக் கெடுக்கும். சான்று கேட்போரைப் பகைவராகக் கருதுதலும் அவ்வாறே கெடுக்கும். நம்பிக்கையைத் தொழிற்சாலையில் செய்து உறையிட்டு அனுப்ப இயலாது. கேட்டவர்க்கெல்லாம் காட்டி, ஒவ்வொரு தேர்தலிலும் அதனைப் புதிதாக ஈட்டுதல் வேண்டும்.