மஞ்சள் பல் என்றால் பல் விளக்காத பிள்ளையா?

போர்ட் கிள்ளானில் முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியரா நீங்கள்? முன்பல்லில் மஞ்சள் திட்டோடு ஒரு பிள்ளை சிரித்தால், "ஒழுங்கா பல் விளக்கலையா?" என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். அது பிள்ளையின் தவறாக இல்லாமல் இருக்கலாம்.

ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லின் எனாமல், பிறந்தது முதல் ஏறக்குறைய மூன்று வயதுக்குள் உருவாகிறது. அப்போது தடங்கல் ஏற்பட்டால் தாதுச்சத்து குறைந்து, பல் முளைக்கும்போதே பலவீனமாக இருக்கும். முன்பற்களும் பாதிக்கப்படலாம். 2001-இல் இதற்கு மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன் (எம்.ஐ.எச்.) எனப் பெயரிட்டார்கள். பரம்பரையாக வரும் அமெலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா வேறு. அதில் பெரும்பாலும் எல்லாப் பற்களும் பாதிக்கப்படும்.

மாணவர்களே, இதை நினைவில் வையுங்கள்: எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடும். எனாமல் மீண்டும் வளராது. அதனால்தான் சீரமைப்புச் சிகிச்சை:

• கூச்சத்துக்கு ஃபுளோரைடு வார்னிஷ்
• சிறு குழிக்கு கிளாஸ் அயனோமர் அடைப்பு
• முன்பல் திட்டுக்குப் பல் நிறக் காம்போசிட்
• நொறுங்கும் கடைவாய்ப்பல்லுக்கு எஃகு உறை

"ஐஸ் தண்ணி குடிச்சா கூசுது டீச்சர்" என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் வேண்டாம். பெற்றோரிடம் சொல்லுங்கள், பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழுவிடம் காட்டுங்கள். சீக்கிரம் பார்த்தால் பல்லைக் காப்பாற்றலாம்.