அதிபர் என்றால் அரசரா?

ஒன்பதாம் வகுப்பில் அரசாங்க அமைப்புகள் பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகளாக நான் ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நாடாளுமன்ற முறை, இந்தியா. வலப்பக்கம் அதிபர் முறை, அமெரிக்கா. இரண்டுக்கும் ஐந்து வேறுபாடுகள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒருநாள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நமக்கு இருக்கறவரைக் குடியரசுத் தலைவர்னு சொல்றோம். அவங்களுக்கு மட்டும் ஏன் அதிபர்? அங்க அவர் ராஜா மாதிரியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். வீட்டில் யோசித்தபோதுதான் அந்தப் பிள்ளையின் குழப்பம் நம் மொழியிலேயே இருப்பது புரிந்தது. 'தொழிலதிபர்' என்றால் தொழிலுக்குச் சொந்தக்காரர். அப்படியானால் 'அமெரிக்க அதிபர்' அமெரிக்காவுக்குச் சொந்தக்காரர் என்றுதானே குழந்தை நினைக்கும்? (இலங்கையில் பள்ளித் தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள். இதைச் சொன்னதும் வகுப்பு முழுக்க எங்கள் தலைமையாசிரியர் அறைப் பக்கம் திரும்பிச் சிரித்தது.) 'பிரசிடென்ட்' என்ற சொல்லுக்கு உண்மையில் அவ்வளவு கனம் கிடையாது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கி உட்காருபவர், அவ்வளவுதான். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அவரை எப்படி அழைப்பது என்று பெரிய விவாதமே நடந்தது. துணை அதிபர் ஜான் ஆடம்ஸும் செனட்டில் சிலரும் 'மேன்மை தங்கிய' போன்ற நீண்ட பட்டம் வேண்டும் என்றார்கள். பிரதிநிதிகள் சபை ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் அரசரோடு போரிட்டு விடுதலை பெற்றவர்களுக்கு இன்னொரு அரச வாடை பிடிக்கவில்லை. வெறும் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரசிடென்ட்' என்பதே நிலைத்தது.

மறுநாள் இந்தக் கதையில்தான் பாடத்தைத் தொடங்கினேன். இப்போதும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அடுத்து ஒரு சொல் சிக்கல் வரும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ் என்றதும், "அங்கயும் காங்கிரஸ் கட்சிதானா டீச்சர்?" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்ததுதான் காங்கிரஸ் என்று எழுதிப் போட்டுவிட்டு நகரலாம். இங்கே நிறுத்தி விளக்க வேண்டியது வேறொன்று. நம் பிரதமர் நாடாளுமன்றத்துக்குள் இருக்கிறார். மக்களவையில் பெரும்பான்மை போனால் பதவியும் போகும். அமெரிக்க அதிபர் காங்கிரசுக்கு வெளியே இருக்கிறார். அவரும் அங்கே உறுப்பினர் அல்லர், அவருடைய அமைச்சர்களும் உறுப்பினர்களாக இருக்க முடியாது. காங்கிரசில் எதிர்க்கட்சிக்கே பெரும்பான்மை கிடைத்தாலும் அவருடைய நான்காண்டுப் பதவி அப்படியே இருக்கும். "அப்போ எதிர்க்கட்சிதான் சட்டம் போடுமா?" என்று பிள்ளைகள் வியந்து கேட்கும் இடம் இது. ஆமாம், போடலாம். அதிபர் தன் ரத்து அதிகாரத்தால் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் அவர் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும்.

தேர்தல் முறையைப் புத்தகத்தை வைத்துச் சொல்லி நான் ஒருமுறையும் வெற்றி பெற்றதில்லை. மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 பேர் ஆதரவு வேண்டும் என்று எண்களாகச் சொன்னால் கண்கள் சொருகிவிடும். எனவே ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டு வேளையை உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். அன்று கபடியா, கோகோவா என்று வகுப்பே தீர்மானிக்க வேண்டும். வகுப்பில் 40 பேர், ஐந்து வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு மாநிலம். வரிசையில் எத்தனை பேரோ அதோடு இரண்டைக் கூட்டினால் அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. வரிசையில் எது முந்துகிறதோ அதற்கே அத்தனை தேர்வாளர்களும். விதியை வாக்கெடுப்புக்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல் வரிசையில் கபடிக்கு 4, கோகோவுக்கு 3. இரண்டாவதில் 5, 4. மூன்றாவதில் 4, 3. நான்காவதில் கபடிக்கு ஒரே ஒரு வாக்கு, கோகோவுக்கு 8. ஐந்தாவதில் 1, 7. கூட்டிப் பார்த்தால் கோகோவுக்கு 25 பேர், கபடிக்கு 15 பேர். தேர்வாளர் கணக்கிலோ கபடிக்கு 29, கோகோவுக்கு 21. கபடி வென்றது!

வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "இது ஏமாத்து வேலை டீச்சர்" என்றாள் கோகோ கேட்ட ஒருத்தி. "ரூல்ஸ் முன்னாடியே சொல்லிட்டாங்கல்ல?" என்றான் ஒரு பையன். "சொன்னாங்க, ஆனா இப்படி ஆகும்னு சொல்லலையே!" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். நான் குறுக்கிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அன்று மைதானத்தில் கபடிதான் நடந்தது. 25 பேர் வேப்பமரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது, மறுவாரம் கோகோ ஆட விட்டேன்.

ஆனால் திங்கட்கிழமை பாடம் தானாகவே நடந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஃபுளோரிடா மாநிலத்தை வெறும் 537 வாக்குகளில் இழந்ததால் 271 தேர்வாளர்களோடு ஜார்ஜ் புஷ் அதிபரானார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலை பெற்றும் டொனால்ட் டிரம்ப் வென்றார். "அப்போ கோகோக்காரங்க மாதிரி!" என்று மூன்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கூடுதல் இரண்டு எதற்கு என்றும் அவர்களே கேட்டார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும், சிறிதோ பெரிதோ, செனட்டில் இரண்டு இடம். அந்த இரண்டும் தேர்வாளர் கணக்கில் சேரும். அதனால்தான் மக்கள்தொகை மிகக் குறைந்த வயோமிங்குக்கும் 3 தேர்வாளர்கள் உண்டு. கலிஃபோர்னியாவுக்கு 2024 தேர்தலில் 54. மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மாநிலங்கள் மட்டும் 'முந்தியவருக்கே எல்லாம்' என்ற முறையைப் பின்பற்றுவதில்லை. நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் மறைமுகமானதுதான், அதில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176 என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொன்னால் மனத்தில் நிற்கும்.

அதிபர் எல்லாம் வல்லவர் என்ற எண்ணத்தை உடைக்கப் பணம் நல்ல உதாரணம். செலவுக்கு ஒப்புதல் தருவது காங்கிரஸ். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அரசு அலுவலகங்கள் பல மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள்கள் அப்படி மூடிக் கிடந்தன. "நம்ம ஊர்ல பட்ஜெட் தோத்தா?" என்று கேட்டால், ஆட்சியே கவிழும் என்பதைச் சொல்லுங்கள். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

தொடக்கப் பள்ளியில் இவ்வளவு தேவையில்லை. விதி எழுத ஒரு குழு, நடைமுறைப்படுத்த ஒரு வகுப்புத் தலைவர், சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல மூன்று பேர் என்று ஒரு வாரம் பிரித்துக் கொடுங்கள். வகுப்புத் தலைவரே விதியும் எழுதி, தீர்ப்பும் சொன்னால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

நீதிமன்றத்துக்கு நான் இரண்டு கதைகள் வைத்திருக்கிறேன். முதலாவது சிறியது. 1952இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசு வசம் எடுத்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எதிராகத் தீர்ப்பளித்த ஆறு பேரில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள். அவர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது ஒரு பள்ளிக்கூடத்தின் கதை. வெள்ளை மாணவர்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1957 செப்டம்பரில் அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் போனார்கள். மாநில ஆளுநர் ஃபாபஸ் மாநிலப் படையை வாசலில் நிறுத்தித் தடுத்தார். அங்கே ஆளுநர் என்பவர் நம் ஆளுநர் போல நியமிக்கப்படுபவர் அல்லர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் கதை புரியாது. பள்ளிக்கல்வி அங்கே மாநிலங்களின் கையில் இருக்கிறது. பாடத்திட்டத்தை அதிபர் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீதிமன்ற ஆணையை ஒரு மாநிலம் மீறும்போது? அதிபர் ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் பிரிவை அனுப்பினார். செப்டம்பர் 25 அன்று துப்பாக்கி ஏந்திய வீரர்கள் சூழ, புத்தகங்களை அணைத்துக்கொண்டு அந்த ஒன்பது பேரும் படியேறினார்கள்.

அவர்கள் உங்கள் வயதுதான், ஒன்றிரண்டு ஆண்டுகள் கூடுதலாக இருக்கலாம் என்று சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. அதிபர், நீதிமன்றம், மாநிலம் என்று கரும்பலகையில் மூன்று வட்டங்கள் போட்டேன். எது யாரைக் கட்டுப்படுத்தியது என்று அம்புக்குறி போட வரச்சொன்னேன். முதலில் வந்த பையன் அதிபரிலிருந்து மற்ற இரண்டுக்கும் கோடு இழுத்தான். முதன்முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி எழுந்து வந்து, நீதிமன்றத்துக்குப் போன கோட்டை அழித்துவிட்டு, அங்கிருந்து அதிபருக்கு ஓர் அம்புக்குறி போட்டாள்.

பிறகு உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்: "மிலிட்டரி போனப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?"

ஒன்பது பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம் அந்தப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவரானார் என்று சொன்னேன். அதற்கடுத்த கல்வியாண்டில் ஆளுநர், நகரத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையுமே மூடிவிட்டார் என்பதையும் சொன்னேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். ஒரு வருஷம்."