ஆள் பிடிப்பது வேறு, ஆட்களை அறிந்திருப்பது வேறு: தொழில் தேடும் எமது இளைஞர்களுக்கு

பட்டப்படிப்பை முடித்த பிள்ளையொன்று வீட்டில் இருந்தால் எமது ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "யாரைப் பிடிக்கலாம்?" என்பதுதான். பாராளுமன்ற உறுப்பினரின் இணைப்பாளர் யார், அமைச்சில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் யார், அவருக்கு வேண்டியவர் யார் என்று வாப்பாவும் மாமாவும் விசாரிக்கத் தொடங்குவார்கள். சுயவிபரக் கோவை பல பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல கைகளுக்குப் போகும். அதன் பின்னர் மாதக்கணக்கில் காத்திருப்பு.

இந்த முறையை வெறுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "என் தகைமையைப் பார்த்துத் தந்தால் தரட்டும், யாரிடமும் போய் நிற்க மாட்டேன்" என்பது அவர்களது நிலைப்பாடு. இணையத்தில் வரும் விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பித்துவிட்டு, பதில் வராமல் சோர்ந்து போகிறார்கள்.

உயர்தர வகுப்புகளுக்கு நீண்ட காலமாகக் கற்பித்து வரும் எனக்கு இந்த இரு சாராரையும் நன்கு தெரியும். இருவரும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். தொடர்பு என்றாலே செல்வாக்கு என்று இருவரும் நினைக்கிறார்கள். ஒருவர் அதைத் தேடி ஓடுகிறார், மற்றவர் அதிலிருந்து விலகி ஓடுகிறார். உண்மையில் தொழில் உலகில் தொடர்பு என்பது தகவலும் சாட்சியமும் ஆகும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாததால் எமது பிள்ளைகள் இழப்பது அதிகம்.

வெற்றிடங்கள் எப்படி நிரம்புகின்றன?

அரச துறையில் வழி தெளிவானது. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் அறிவித்தல் வரும். போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, புள்ளித் திட்டம் என்று ஒழுங்கு உண்டு. இங்கே அறிமுகமானவர்களால் செய்யக்கூடிய நேர்மையான உதவி, அறிவித்தல் வந்ததைச் சொல்வதும் பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று வழிகாட்டுவதும்தான். ஆனால் இந்த வாசல் முன்பு போல் அகலமாக இல்லை. 2020ஆம் ஆண்டில் சுமார் 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டனர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், அப்படியொரு மொத்த நியமனம் மீண்டும் வரும் என்று நம்பி வீட்டில் இருப்பது அறிவுடைமையாகாது.

தனியார் துறையின் நடைமுறை வேறு. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் ஒருவர் தேவைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் போட்டால் விண்ணப்பங்கள் குவியும். அவற்றை வாசிக்கவே நாட்கள் தேவை. வாசித்தாலும், நேரத்துக்கு வருவாரா, பணத்தில் நேர்மையானவரா, மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாரா என்பது எந்தச் சான்றிதழிலும் இருக்காது. எனவே முகாமையாளர் முதலில் தன்னிடம் வேலை செய்பவர்களிடம், "உங்களுக்குத் தெரிந்த நல்ல பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறார். பல வெற்றிடங்கள் விளம்பரமாக வெளிவருவதற்கு முன்பே இப்படி நிரம்பி விடுகின்றன. அந்தக் கேள்வி கேட்கப்படும் அறையில் எமது பிள்ளையை அறிந்த எவரும் இல்லை என்றால், பிள்ளையின் பெயர் அங்கே உச்சரிக்கப்படாது.

பாரபட்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் பெயரையும் உடையையும் வைத்துச் சந்தேகிக்கப்பட்ட அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்தை உடைப்பதும் அறிமுகம்தான். "இவரோடு இரண்டு வருடம் படித்திருக்கிறேன், நம்பலாம்" என்று ஒரு சிங்களச் சகோதரர் தன் முகாமையாளரிடம் சொல்லும் ஒரு வசனத்துக்கு, நாம் எழுதும் நீண்ட கடிதத்தைவிடப் பெறுமதி அதிகம்.

நெருங்கியவர்களை விட அறிமுகமானவர்கள்

இது பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனொவெட்டர், பொஸ்டன் நகருக்கு அருகேயுள்ள நியூட்டனில் அண்மையில் தொழில் மாறியவர்களிடம் விசாரித்து, 1973இல் தனது கட்டுரையை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் மூலம் தொழில் பெற்றவர்களிடம், அந்த நபரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்தித்தோம் என்றவர்கள் 16.7 வீதம் மட்டுமே. இடைக்கிடை சந்தித்தவர்கள் 55.6 வீதம். மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 வீதம்.

காரணம் எளிமையானது. எமது நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது எமக்கும் தெரியும். தூரத்து அறிமுகம் வேறொரு வட்டத்தில் இருக்கிறார், அங்குள்ள செய்தி அவரிடம் மட்டுமே இருக்கிறது. லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனாளர்களை வைத்து நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. மிக நெருங்கியவர்களை விடவும், பெயரளவில் மட்டும் தெரிந்தவர்களை விடவும், ஓரளவு அறிமுகமானவர்களே தொழில் மாற்றத்துக்கு அதிகம் உதவியிருந்தார்கள்.

எமது நிலையை இதில் பொருத்திப் பாருங்கள். வர்த்தகப் பிரிவு மாணவர்களிடம் நான் ஒரு சிறு பயிற்சி கொடுப்பதுண்டு. தொழில் செய்யும் பத்துப் பேரின் பெயரை எழுதி, அவர்கள் என்ன தொழில், எங்கே செய்கிறார்கள் என்று குறிக்கச் சொல்வேன். ஆசிரியர், கடை முதலாளி, முச்சக்கரவண்டிச் சாரதி, கட்டாரில் இருக்கும் சாச்சா என்று பட்டியல் நிரம்பும். ஒரு கணக்காய்வாளரையோ, மென்பொருள் பொறியியலாளரையோ, வங்கி முகாமையாளரையோ நேரில் அறிந்த பிள்ளைகள் வகுப்பில் ஓரிருவர்தான். பல்கலைக்கழகம் போனாலும் ஊர்ப் பிள்ளைகளோடுதான் அறை, ஊர்ப் பிள்ளைகளோடுதான் சாப்பாடு. கைத்தொலைபேசியில் இருபது வட்ஸ்அப் குழுக்கள் இருந்தாலும் அத்தனையிலும் ஒரே ஆட்கள், ஒரே செய்தி.

தொடர்பின் பெறுமதி எமது சமூகத்துக்குப் புதிதல்ல. புறக்கோட்டைப் புடைவைக் கடைகளிலும் பேருவளை சீனன்கோட்டை மாணிக்கச் சந்தையிலும் எமது மூத்தவர்கள் நம்பிக்கையையும் அறிமுகத்தையும் முதலாக வைத்தே வியாபாரம் செய்தார்கள். வியாபாரத்தில் இருந்த அந்தப் பிணைப்பு இன்றைய தொழில் துறைகளுக்கு இன்னும் போதியளவு நீளவில்லை.

சிபாரிசு என்பது சாட்சியம்

"அப்படியானால் இதுவும் சிபாரிசுதானே, இது கூடுமா?" என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஸூரதுல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் மத்யன் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். ஊர் பேர் தெரியாத இடத்துக்கு வெறுங்கையோடு வருகிறார்கள். ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு எந்தப் பிரதிபலனும் கேட்காமல் நீர் புகட்டுகிறார்கள். நிழலில் ஒதுங்கி அல்லாஹ்விடம் தமது தேவையைக் கேட்கிறார்கள். பின்னர் அந்தப் பெண்களில் ஒருவர், இவரைப் பணிக்கு அமர்த்துங்கள் என்று தன் தந்தையிடம் சொல்கிறார். உடல் வலிமையும் நம்பகத்தன்மையும் உள்ளவர் என்பதே அவர் சொன்ன காரணம். அதன் பிறகு எட்டு வருடங்கள், விரும்பினால் பத்து வருடங்கள் என்று ஒப்பந்தம் பேசப்படுகிறது.

இங்கே சிபாரிசு செய்தவர் நெருங்கிய உறவினர் அல்லர், அன்று சந்தித்தவர். அவர் தன் கண்ணால் கண்ட வேலையை வைத்தே பேசினார். தகைமை இல்லாதவரைச் செல்வாக்கினால் உள்ளே தள்ளி இன்னொருவரின் உரிமையைப் பறிப்பது அநியாயம். தகைமை உள்ளவரை அறிந்த ஒருவர், கேட்கப்படும் இடத்தில் உண்மையைச் சொல்வது சாட்சியம். நல்ல பரிந்துரைக்கு நற்கூலியில் பங்குண்டு, தீய பரிந்துரைக்கு அதன் சுமையில் பங்குண்டு என்பது ஸூரதுந் நிஸா தரும் எச்சரிக்கை.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு கொப்பியை எடுங்கள். உங்களுக்கு முன் இரண்டு மூன்று வருடங்களில் படித்து இப்போது தொழிலில் இருப்பவர்கள், விரிவுரையாளர்கள், பயிற்சி பெற்ற நிறுவனத்தின் மேற்பார்வையாளர், கற்கைநெறியில் கூடப் படித்த சிங்கள, தமிழ் நண்பர்கள் ஆகியோரின் பெயர்களை எழுதுங்கள். முப்பது பெயர்களாவது வரும்.

அடுத்து, அவர்களிடம் வேலை கேட்காதீர்கள். தகவல் கேளுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க" என்ற செய்திக்குப் பதில் எழுத முடியாது. பின்வருமாறு எழுதினால் பெரும்பாலானவர்கள் பதில் தருவார்கள்:

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் இவ்வருடம் கணக்கியலில் பட்டம் முடித்துள்ளேன். நீங்கள் கணக்காய்வுத் துறையில் பணிபுரிவதாக எமது விரிவுரையாளர் கூறினார். புதிதாக வருபவரிடம் முதல் வருடத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உங்களிடம் கேட்டறிய விரும்புகிறேன். உங்களுக்கு வசதியான ஒரு நாளில் பத்து நிமிடம் பேச முடியுமா?"

பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடத்தில் முடியுங்கள். முடிவில், "இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?" என்று கேளுங்கள். ஒரு பெயர் இரண்டாவது இப்படித்தான். அன்றே நன்றி தெரிவியுங்கள். அவர் சொன்னபடி ஏதாவது கற்றுக்கொண்டால் இரண்டு மாதம் கழித்து அதை அறிவியுங்கள். தேவை வரும்போது மட்டும் ஸலாம் சொல்பவரை யாரும் விரும்புவதில்லை.

சுயவிபரக் கோவையின் இறுதியில் வரும் உறவினரல்லாத இருவரின் பெயர்களிலும் கவனம் தேவை. ஊர் அரசியல்வாதியையும், சமாதான நீதவானையும் போடுவது எமது வழக்கம். நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் அவர்களால் உங்கள் வேலையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர், பயிற்சிக் காலப் பொறுப்பதிகாரி போன்றோரை முன் அனுமதி பெற்றுக் குறிப்பிடுங்கள்.

உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. இவற்றின் வாசலை மிதிக்காமலேயே பட்டம் பெற்று வெளியேறுபவர்கள் அனேகர். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அதன் ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமமானது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை மொழி. சிங்களம் பேசத் தெரியாத எமது பட்டதாரிக்கு நாட்டின் தொழில் உலகில் பெரும்பகுதி மூடப்பட்டிருக்கிறது. பரீட்சைச் சிங்களம் போதாது. தேநீர் இடைவேளையில் பேசும் சிங்களம் வேண்டும். அறிமுகங்கள் பிறப்பது அந்த இடைவேளைகளில்தான்.

எமது பெண் பிள்ளைகள்

நன்றாகப் படித்துப் பட்டம் பெறும் எமது பெண் பிள்ளைகள் பலர் தொழில் தேடலில் தனித்து விடப்படுகிறார்கள். ஆண் பிள்ளை கடைச் சந்தியில் நின்றாவது நான்கு செய்திகளை அறிந்துகொள்கிறான். பெண் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: அவர்களுக்கு முன் சென்ற சகோதரிகளுடன் பேசச் சந்தர்ப்பம் கொடுங்கள். எமது மார்க்க வரையறைகளைப் பேணித் தொழில் செய்யும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் நிறைய இருக்கிறார்கள். போக்குவரத்து, தங்குமிடம், தொழுகை வசதி, அலுவலகச் சூழல் பற்றியெல்லாம் உண்மை நிலையை அவர்கள்தான் சொல்வார்கள். வாப்பாவின் பயங்களில் பாதி, அப்படியொரு சகோதரியுடன் உம்மா பேசினால் தீர்ந்துவிடும்.

ஏமாற வேண்டாம்

அறிமுகத்தின் பெயரால் மோசடியும் நடக்கிறது. தொழில் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர் உங்கள் தொடர்பு அல்லர், தரகர். வெளிநாடு செல்வதானால் முகவர் நிலையம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் பெற்றதா என்பதைப் பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற இலக்கத்திலோ உறுதிப்படுத்துங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று யார் சொன்னாலும், சொந்த மச்சானே சொன்னாலும், நம்பாதீர்கள். கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கை இளைஞர்களின் கதை எம் கண்முன்னே நடந்தது.

தொழிலில் இருப்போரின் கடமை

இறுதியாக, ஏற்கனவே தொழிலில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு. ஒரு பிள்ளையின் செய்திக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். உங்கள் நிறுவனத்தில் வெற்றிடம் வந்தால் ஊர்க் குழுவில் மட்டும் போடாமல் பொருத்தமான பிள்ளையைத் தேடி அறிவியுங்கள். தகுதியற்ற மருமகனுக்காக ஒருமுறை பொய் சாட்சி சொன்னால், அடுத்து வரும் தகுதியான பத்துப் பிள்ளைகளுக்காக நீங்கள் பேசும் வார்த்தைக்குப் பெறுமதி இருக்காது.

பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் கட்டவும் விளையாட்டுப் போட்டி நடத்தவும் காட்டும் உற்சாகத்தில் ஒரு பங்கை இதற்கும் செலவிடலாம். எந்தப் பழைய மாணவர் எந்தத் துறையில், எந்த நகரில் இருக்கிறார், பிள்ளைகளுடன் பேச விருப்பமா என்று ஒரு பதிவேடு போதும். செலவில்லாத வேலை. அந்தப் பதிவேட்டைப் பார்த்து உயர்தர வகுப்புப் பிள்ளையொன்று, "எங்கட ஊரிலயும் இந்த வேலை செய்ற ஆள் இருக்காங்களா?" என்று கேட்குமானால், பாதி வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான தொழில்களை இலேசாக்கி வைப்பானாக!