பட்ட மரத்தில் பச்சை வர்ணம்

கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் நம் வீடுகளில் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். ஊறுகாய் ஜாடி, தோல் செருப்பு, தாத்தா வாங்கி வைத்த பழைய புஸ்தகங்கள் எல்லாம் வெளியே வந்து வெயில் காயும். பூஞ்சணம் என்றால் நமக்கு அவ்வளவு பகை. அது படர்ந்த பலகையைத் தச்சரிடம் காட்டினால், இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது இற்றுப் போன மரம், ஸ்வாமி, அடுப்புக்குத்தான் ஆகும்" என்று ஒதுக்கிவிடுவார். அவர் சொல்வதில் தவறும் இல்லை. வாசற்கால் நிறுத்துவதற்கு அப்படிப்பட்ட மரத்தை யார் வாங்குவார்கள்?

ஆயினும், காட்டில் விழுந்து பூஞ்சணம் பிடித்த கட்டையைத் தேடிப் பொறுக்கி எடுத்துப் போய், பிரபுவின் மாளிகைச் சுவரில் பதித்த தொழிலாளிகள் ஒரு காலத்தில் இருந்தார்கள். இத்தாலி தேசத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் நடந்த விஷயம் இது.

மைசூரில் ஈட்டிப் பலகையைக் குடைந்து, பல நிற மரத்துண்டுகளைப் பதித்து, யானையும் தேரும் கிராமக் காட்சிகளும் செய்வதை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். ஏறக்குறைய அதே ஜாதியைச் சேர்ந்த வேலைதான் அக்காலத்து இத்தாலியர் செய்ததும். தூரிகையும் சாயக் கிண்ணமும் இல்லாமல், மரத்தின் நிறங்களைக் கொண்டே சித்திரம் வரைவார்கள். பழுப்புக்கு ஒரு மரம், மஞ்சளுக்கு ஒரு மரம், கறுப்புக்குச் சேற்றில் நெடுங்காலம் புதைந்து கிடந்த ஓக் மரம் என்று காடு அவர்களுக்கு வர்ணப் பெட்டியாக இருந்தது. பச்சைக்கு மட்டும் வழியில்லை. இலை பச்சையாயிருக்கிறதே தவிர, ஐரோப்பாவில் எந்த மரத்தின் வயிரம் பச்சையாயிருக்கிறது? மரத்தைத் தாமிரக் களிம்பில் ஊறவைத்துப் பார்த்தவர்கள் உண்டு. மற்றச் சாயங்களில் கொதிக்க வைத்தவர்களும் உண்டு. சாயத்தின் குணம் காலம் செல்லச் செல்ல வெளுப்பது.

உர்பினோ என்ற சிறு ராஜ்யத்துக்கு அந்நாளில் அதிபதியாயிருந்தவர் பெடெரிகோ தா மான்டெபெல்ட்ரோ என்னும் பிரபு. கூலிக்குப் படை நடத்திப் பணம் சேர்த்தவர். சேர்த்த பணத்தைப் புஸ்தகத்திலும் சித்திரத்திலும் செலவழித்தவர். போர்ப் பயிற்சியில் வலக் கண்ணை இழந்துவிட்டபடியால், அவருடைய உருவப் படங்களில் இடப்பக்க முகத்தை மட்டுமே காண்கிறோம். இவருக்காகக் குப்பியோ நகரத்து அரண்மனையில் சிறிய படிப்பறை ஒன்று 1478-க்கும் 1482-க்கும் இடையில் அமைக்கப்பட்டது. வேலையைச் செய்தது ஜூலியானோ தா மையானோ என்பவரின் பட்டறை. அந்த அறைக்குள் நுழைந்தால், சுவரெங்கும் அலமாரிகள் இருக்கின்றன. அவற்றின் அழிக் கதவுகள் பாதி திறந்து கிடக்கின்றன. உள்ளே புஸ்தகங்களும் வாத்தியங்களும் கணித சாதனங்களும், கூண்டில் ஒரு கிளியும் தெரிகின்றன. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால் எல்லாம் வழவழவென்ற சமப் பலகை! அலமாரியும் இல்லை, கதவும் இல்லை. ஆயிரக்கணக்கான மரத்துண்டுகள் செய்த மாயம் அது.

இந்த அறையின் பலகைகள் கைமாறிக் கடைசியில் 1939-இல் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் பொருட்காட்சி சாலையை அடைந்தன. பின்னர், 1987-லிருந்து பல ஆண்டுகள் அவற்றைச் செப்பனிட்டபோது, ஐந்நூறு ஆண்டுகளாகியும் வெளுக்காமல் சில துண்டுகள் பச்சையாகவே இருப்பது நிபுணர்களின் கவனத்தை இழுத்தது. பூதக்கண்ணாடியில் வைத்து ஆராய்ந்தார்கள். மரத்தின் நாளங்களுக்குள்ளே பச்சை நிறம் ஏறிய மெல்லிய இழைகள் தென்பட்டன. அவை பூஞ்சக் காளானின் இழைகள்! மனிதன் ஊற்றிய சாயம் அன்று அது. இந்த முடிவு 1992-இல் வெளியாயிற்று.

அந்தக் காளானுக்குத் தாவர சாஸ்திரிகள் குளோரோசிபோரியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரமான காடுகளில், விழுந்து கிடக்கும் ஓக், பீச் முதலிய மரங்களில் அது குடியேறுகிறது. சில மில்லிமீட்டர் அகலத்தில், பொம்மைக் கல்யாணத்துக்குச் செய்த கிண்ணம் போல, நீலங் கலந்த பச்சையில் அதன் காளான்கள் முளைக்கும். ஆனால் கிண்ணங்களைக் காண்பது அருமை. பச்சை பாய்ந்த கட்டையைக் காண்பதே எளிது. ஜெர்மானியர் இதற்குப் 'பச்சை அழுகல்' என்று பெயரிட்டார்கள். அழுகல் என்பது சற்று அநியாயமான பட்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இந்தக் காளான் மரத்தை அவ்வளவாகத் தின்பதில்லை. நிறத்தைக் கொடுத்துவிட்டு, உளிக்கு நிற்கும்படியான உறுதியையும் பெரும்பாலும் மரத்துக்கே விட்டுவைக்கிறது. இத்தாலியத் தொழிலாளிக்கு வேண்டியிருந்ததும் அதுதானே?

நம் பேச்சில் பச்சை மரம் என்றால் உயிருள்ள மரம். இது செத்த பிறகு பச்சையாகிற மரம்!

இந்த நிறத்துக்குக் காரணமான வஸ்துவின் பெயர் க்ஸைலிண்டீன். அதன் ரஸாயன அமைப்பை 1965-இல்தான் கண்டு சொன்னார்கள். அது தண்ணீரில் கரையாது. வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. போட்டிக்கு வரும் மற்றப் பூஞ்சணங்களை விரட்டுவதற்காகவே காளான் இதை உண்டாக்குகிறது என்று கருதுகிறார்கள்.

பின்னாளில் இங்கிலாந்தில், கென்ட் மாகாணத்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரிலும் இதே பச்சை ஓக் பிரசித்தி பெற்றது. அவ்வூர் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்க வரும் சீமான்கள் வாங்கிப் போவதற்காகச் சிறு பெட்டிகள் செய்வார்கள். பல நிறக் குச்சிகளை ஒரு கட்டாகச் சேர்த்து ஒட்டி, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவது போலக் குறுக்கே அறுத்தால், ஒவ்வொரு வில்லையிலும் ஒரே பூவோ பட்சியோ தெரியும். அதைப் பெட்டியின் மூடியில் ஒட்டுவார்கள். இலைக்கும் கிளைக்கும் வேண்டிய பச்சையைக் காளான் கொடுத்தது. சாம்பல் நிறத்துக்கு மரத்தை அந்த ஊற்றின் இரும்புச் சத்துள்ள நீரிலேயே ஊறப் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தத் தொழில் அருகி மறைந்தது.

பச்சை ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். அந்த நாட்டிலேயே, நிற்கிற ஓக் மரத்துக்குள் புகும் ஒரு காளான், வெளியே பச்சை ஈரல் துண்டைப் போல் தொங்கும். உள்ளே வயிரத்தை நல்ல தேன் பழுப்பாக்கிவிடும். அந்தப் பழுப்பு ஓக்குக்கு மேஜை நாற்காலி செய்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

இவற்றைக் காட்டிலும் வேடிக்கையானது கறுப்புக் கோடு. ஒரே கட்டையில் இரண்டு மூன்று பூஞ்சணக் குடிகள் இறங்கிவிட்டால், பங்காளிகள் நிலத்துக்கு வரப்புப் போடுவது போல ஒவ்வொன்றும் தன் எல்லையில் மதில் எழுப்பிக்கொள்கிறது. நம்முடைய தலைமயிருக்குக் கருமை தருகிற மெலனின் என்னும் வஸ்துவைச் சேர்ந்ததே அந்த மதிலும். கட்டையை அறுத்துப் பார்க்கும்போது மதில் கறுத்த மெல்லிய கோடாகத் தெரியும். பேனாவினால் தேசப்படம் வரைந்தாற் போல அது வளைந்து வளைந்து ஓடும். கடைசல் வேலைக்காரர்கள் அந்தக் கட்டையைக் கடைந்து கிண்ணமும் ஜாடியும் செய்கிறார்கள். எந்த இரண்டு கிண்ணத்திலும் கோடுகள் ஒன்றாயிருப்பதில்லை.

ஆனால் இதில் ஒரு கண்டம் இருக்கிறது. கோடுகளுக்கு நடுவேயுள்ள மரத்தை வெள்ளழுகல் என்னும் வகைப் பூஞ்சணம் தின்றுகொண்டேயிருக்கும். மரத்துக்குக் கெட்டித் தன்மையைக் கொடுக்கும் லிக்னின் என்ற பொருளை அது கரைத்துவிடுகிறது. நாலு நாள் முந்தினால் கோடு விழுந்திராது. நாலு நாள் பிந்தினால் உளி பட்டதும் பஞ்சாய்ப் பிய்யும். வெட்டிய கட்டையை ஈர மரத்தூளில் மூடி வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, தக்க சமயத்தில் எடுத்து உலர்த்துவதுதான் தொழிலின் சூட்சுமம். மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சணத்தின் வேலை நின்றுவிடும். பிறகு அது வீட்டுக்குள் மற்றச் சாமான்களுக்குத் தொற்றும் என்ற பயம் வேண்டியதில்லை. கடையும்போது கிளம்பும் தூசி மட்டும் பொல்லாதது. அதை மூக்குக்கு நேரே விடாமல் முகமூடி அணிந்தே வேலை செய்ய வேண்டும்.

சாயத்தின் கதையில் நம் தேசம் பட்ட அடியை நேயர்கள் அறிவார்கள். 1897-இல் ஜெர்மானியர் ரஸாயன நீலத்தைக் கடைக்குக் கொண்டுவந்தபின் நம் அவுரிச் சாகுபடி விழுந்துவிட்டது. அப்படிச் செடிச் சாயங்களை விரட்டிய ரஸாயன சாஸ்திரமே இப்பொழுது பூஞ்சணத்தின் வாசலில் வந்து நிற்கிறது என்பது ஓர் ரஸமான விஷயம். அமெரிக்காவில் ஆரிகன் ஸ்டேட் ஸர்வகலாசாலையில் காளான்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, பச்சையோடு சிவப்பும் மஞ்சளும் எடுத்து, மரத்துக்கும் துணிக்கும் ஏற்றிப் பரீட்சை செய்து வருகிறார்கள். சிக்கல்களும் உண்டு. பச்சைக் காளான் மிக மெள்ள வளர்வது. அதன் நிறத்தைப் பிரித்தெடுக்கத் தண்ணீர் உதவாததால் விஷமுள்ள திரவங்களை நாட வேண்டியிருக்கிறது. 2018-இல் அதே இடத்து விஞ்ஞானிகள், க்ஸைலிண்டீனை மெல்லிய படலமாக்கினால் மின்சாரக் கருவிகளில் அரைக்கடத்தியாக உபயோகிக்கலாம் என்று காட்டினார்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் அசையாத அந்தப் பழைய குணமே இதற்கும் காரணம்.

உணவுக்கு நிறமூட்டும் பூஞ்சணமும் உண்டு. சீனர் வேகவைத்த அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சணத்தை வளர்த்து, குங்குமம் போல் சிவந்த அரிசியை உண்டாக்கி, மதுவுக்கும் மாமிசத்துக்கும் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறார்கள். இதே பூஞ்சணத்திலிருந்து ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஒன்றை ஜப்பானியரான அகிரா எண்டோ 1979-இல் கண்டெடுத்தார். இதன் சில வகைகளோ மூத்திரக்காய்க்குக் கேடான விஷத்தையும் சுரக்கின்றன. ஆகையால் நம் வீட்டு ஊறுகாயில் நிறம் கண்டால் அதைக் கொட்டிவிடுவதே விவேகம்!

மரத்துக்குத் திரும்புவோம். கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், வயதான மரத்தை வெட்டிய சில நாட்களுக்குள் நீலப் பூஞ்சணம் பாய்ந்து பலகையின் விலையைக் குறைத்துவிடுகிறது. அதைத் தடுக்க உடனே அறுத்துப் போராக்ஸ் கலந்த நீரில் பதப்படுத்துகிறார்கள். மேஜை நாற்காலிக்கு வெளுப்பான மரத்தைக் கேட்கும் வியாபாரத்தில் அது நியாயமே. மாமரமும் இப்படியே சீக்கிரம் நிறம் மாறுவது. புளிய மரமோ கறுப்புக் கோடு விழுவதில் பேர் பெற்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் கோடு விழுந்த புளியங்கட்டையை, அங்குள்ள கடைசல்காரர்கள் சிறு சிறு துண்டாகத் துண்டுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். நமக்குப் புளிய மரம் என்றால் செக்கும் உலக்கையும் கசாப்புக்காரரின் வெட்டுக் கட்டையும்தான் ஞாபகம் வரும். ராஜபாட்டைகளை அகலப்படுத்துகையில் சாயும் சாலைப் புளிகளில் பலவும் மழையில் கிடந்து, கோடு விழுந்திருக்கிறதா என்று ஒருவரும் அறுத்துப் பார்க்காமல், எடை போட்டு விறகாகவே போய்ச் சேருகின்றன.