எல்விஸின் முதல் ரெக்கார்டும் அதன் மறுபக்கமும்

இந்த எபிசோடை ஒரு திருத்தம்னு வெச்சுக்கோங்க. சில மாசம் முன்னாடி பேசும்போது, எல்விஸ் பிரெஸ்லி கறுப்பின மக்களோட இசையைத் திருடிப் பெரிய ஆளானவர்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அதைக் கேட்ட நேயர் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். ரெண்டே கேள்வி. "அவரோட முதல் ரெக்கார்டைக் கேட்டீங்களா? அதோட மறுபக்கத்தைக் கேட்டீங்களா?"

முதல் பக்கம் கேட்டிருந்தேன். மறுபக்கம்? உண்மையைச் சொல்றேன், கேட்டதே இல்லை.

ஸ்ட்ரீமிங்லயே வளர்ந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்துல ஒரு சிங்கிள்னா ஒரு தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. திருப்பிப் போட்டாத்தான் ரெண்டாவது கேக்கும். 1954 ஜூலை 19-ம் தேதி சன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அந்தத் தட்டுல ஒரு பக்கம் "தட்ஸ் ஆல் ரைட்". அது ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகரோட ப்ளூஸ் பாட்டு. திருப்பிப் போட்டா "ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி". அது பில் மன்ரோ என்ற வெள்ளைக்காரரோட கன்ட்ரி பாட்டு. ராக் அண்ட் ரோலுக்கு ப்ளூஸ் அப்பா, கன்ட்ரி அம்மான்னு எல்லாரும் சொல்லுவாங்க. இந்த ஒரு தட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்காங்க.

சரி, ஸ்டூடியோவுக்குள்ள போவோம். மெம்ஃபிஸ் நகரம், யூனியன் அவென்யூ, எண் 706. சாம் ஃபிலிப்ஸ் 1950-ல ஆரம்பிச்ச சின்ன இடம். ஹவ்லின் வுல்ஃப் மாதிரியான ப்ளூஸ் கலைஞர்களை அவர் அங்கே ஏற்கெனவே பதிவு செஞ்சிருந்தார். 1954 ஜூலை 5 அன்னிக்கு அங்கே மூணு பேர். 19 வயசு எல்விஸ், கிட்டார்ல ஸ்காட்டி மூர், ஆளுயர பேஸ்ல பில் பிளாக். மூரும் பிளாக்கும் ஒரு கன்ட்ரி குழுவில வாசிச்சவங்க. மெதுவான காதல் பாட்டுகளை முயற்சி பண்ணிப் பாக்குறாங்க, எதுவும் சரியா வரலை. இடைவேளையில எல்விஸ் விளையாட்டா க்ரூடப்போட பாட்டை எடுத்து விட, மத்த ரெண்டு பேரும் சேந்துக்கிறாங்க. உள்ளே இருந்த ஃபிலிப்ஸ் காதுல அது விழுது. என்ன பண்றீங்கன்னு கேட்டுட்டு, முதல்லேர்ந்து மறுபடி வாசிக்கச் சொல்லி ரெக்கார்டிங்கை ஓட விடுறார்.

க்ரூடப் 1946-ல பதிவு செஞ்ச ஒரிஜினலையும் இதையும் அடுத்தடுத்து கேளுங்க. ஒரு வேடிக்கை தெரியும். க்ரூடப்போட பாட்டுல டிரம்ஸ் இருக்கு, எல்விஸ் பாட்டுல டிரம்ஸே கிடையாது! டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை பில் பிளாக் பேஸ் கம்பிகளை அறைஞ்சு அறைஞ்சு செய்யறார். ஸ்காட்டி மூர் கட்டைவிரலால அடித்தாளத்தைப் போட்டுக்கிட்டே மத்த விரல்களால மெட்டு வாசிக்கிறார். அது கன்ட்ரி கிட்டார்காரங்க வழக்கம். மேலே எல்விஸோட குரல் ப்ளூஸ் மாதிரி சுரங்களை வளைக்குது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இப்படிச் சொல்லலாம்: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவுல, எந்தப் பக்கமும் சேராம நிக்கிற ஒரு இடம் இருக்கு பாருங்க, ப்ளூஸோட உயிர் அங்கேதான்.

இப்ப தட்டைத் திருப்புங்க. பில் மன்ரோவோட ஒரிஜினல் ஒரு வால்ட்ஸ். மூணு மூணா போகும்: தகிட, தகிட, தகிட. ஊஞ்சல்ல உட்கார்ந்து அழற மாதிரியான பாட்டு. எல்விஸும் கூட இருந்தவங்களும் அதை நாலுக்கு மாத்தி, வேகத்தையும் கூட்டிட்டாங்க. தகதிமி, தகதிமி. ஊஞ்சல் போயே போச்சு, கார் வந்துடுச்சு. முதல் பக்கத்துல ப்ளூஸ் பாட்டுக்குக் கன்ட்ரி கை, இந்தப் பக்கத்துல கன்ட்ரி பாட்டுக்கு ப்ளூஸ் உடம்பு. இதைக் கேட்ட மன்ரோ கோபப்படலை. அதே வருஷம் தன் பாட்டை மறுபடி பதிவு செஞ்சார். பழையபடி மூணுல ஆரம்பிச்சு, பாதியில நாலுக்குத் தாவுற மாதிரி!

கடையில வர்றதுக்கு முன்னாடியே டூவி ஃபிலிப்ஸ் என்ற ரேடியோ அறிவிப்பாளர் "தட்ஸ் ஆல் ரைட்"டை ஒலிபரப்பிட்டார். (சாமுக்கும் இவருக்கும் சொந்தமில்லை, பேர் ஒற்றுமைதான்.) ஃபோன் வந்துக்கிட்டே இருக்கு. எல்விஸைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார். அதுல ஒரு கேள்வி, எந்த ஸ்கூல்ல படிச்சேன்னு. ஹியூம்ஸ் ஹைஸ்கூல்னார் எல்விஸ். கேட்கச் சாதாரணமா இருக்கு, இல்லையா? ஆனா மெம்ஃபிஸ்ல அப்ப பள்ளிக்கூடங்கள் நிறத்தால பிரிஞ்சிருந்தது. ஸ்கூல் பேரைச் சொன்னா பாடினவர் வெள்ளைக்காரர்னு ஊருக்கே புரிஞ்சிடும். நேரா கேட்காம நிறத்தைக் கேட்ட கேள்வி அது.

இந்தப் பிரிவினை ரெக்கார்ட் கடை அலமாரியிலயும் இருந்தது. 1920-கள்ல இருந்தே கம்பெனிகள் கறுப்பினக் கலைஞர்களோட தட்டுகளை "ரேஸ்"னும், தெற்கத்தி வெள்ளைக்காரக் கலைஞர்களோட தட்டுகளை "ஹில்பில்லி"ன்னும் தனித்தனியா வித்தாங்க. 1949-ல பில்போர்டு பத்திரிகை பேரை மட்டும் மாத்திச்சு, "ரிதம் அண்ட் ப்ளூஸ்", "கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்"னு. ஆனா வாசிக்கிறவங்க அலமாரி பாத்து வாசிக்கலை. ஜிம்மி ராட்ஜர்ஸ் மிசிசிப்பியில ரயில்வே வேலை பாத்தவர், கன்ட்ரி இசையோட முதல் பெரிய நட்சத்திரம். அவரோட "ப்ளூ யோடல்" வரிசை முழுக்க ப்ளூஸ் அடிப்படைதான். 1930-ல அதுல ஒண்ணுக்கு ட்ரம்பெட் வாசிச்சது யார் தெரியுமா? லூயி ஆம்ஸ்ட்ராங்!

எதிர்த்திசையிலயும் போக்குவரத்து உண்டு. செயின்ட் லூயிஸ்காரர் சக் பெர்ரி, கறுப்பின ரசிகர்கள் நிறைஞ்ச கிளப்ல கன்ட்ரி பாட்டு பாடுவார். முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் ஆட ஆரம்பிச்சாங்க. 1955-ல அவர் சிகாகோவோட செஸ் ரெக்கார்ட்ஸுக்காகப் பதிவு செஞ்ச "மேபலீன்", "ஐடா ரெட்" என்ற பழைய கன்ட்ரி ஃபிடில் பாட்டை வெச்சு எழுதினது. அந்தத் தட்டுல பாட்டு எழுதினவர்னு மூணு பேர் பேர் வந்தது. பெர்ரி சரி. மத்தவங்க? ஒருத்தர் ஆலன் ஃப்ரீட், பாட்டை ரேடியோவில போட வேண்டிய அறிவிப்பாளர். இன்னொருத்தர் ரஸ் ஃபிராட்டோ, கம்பெனிக்கு வேண்டப்பட்டவர். ரெண்டு பேரும் ஒரு வரி எழுதலை. பாட்டு முழுசா பெர்ரி பேருக்கு வர 1986 ஆச்சு.

நான் திருத்திக்க வேண்டியது இங்கதான் இருக்கு. திருட்டு நடக்கலைன்னு சொல்லலை. அது மைக் முன்னாடி நடக்கலை, காகிதத்துல நடந்தது. சன் தட்டோட லேபிள்லயே க்ரூடப் பேர் அச்சாகியிருக்கு. 1956-ல பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில எல்விஸே, தான் பாடுற விதத்தைக் கறுப்பின மக்கள் ரொம்ப காலமா பாடிட்டு வர்றாங்க, டுப்பலோவில க்ரூடப்பைக் கேட்டிருக்கேன்னு சொல்றார். எதையும் ஒளிக்கலை.

ஆனா ஒரு பாட்டுக்கான ராயல்ட்டி, பேர் அச்சானவருக்குத் தானா போய்ச் சேராது. உரிமை யார் கையில இருக்கோ அவங்க மூலமாத்தான் போகணும். க்ரூடப்போட உரிமைகள் அவரோட மேனேஜர் லெஸ்டர் மெல்ரோஸ் கையில. பாடிப் பாடி மத்தவங்க பணக்காரங்களாகுறதைப் பாத்து வெறுத்துப்போய் க்ரூடப் 1950-கள்ல ரெக்கார்டிங்கையே விட்டுட்டார். அப்புறம் வர்ஜீனியாவில பண்ணைக் கூலி வேலை. பின்னாடி டிக் வாட்டர்மேன் என்ற மேனேஜர் அவருக்காகப் போராடி, சுமார் 60,000 டாலர் தர்றதா ஒப்பந்தம் வரைக்கும் வந்தது. க்ரூடப் கையெழுத்துப் போட்டார். பப்ளிஷர் தரப்பு கடைசி நிமிஷத்துல போட மறுத்துட்டாங்க. 1974-ல க்ரூடப் இறந்தார். குறிப்பிடும்படியான பணம் வந்தது அதுக்கப்புறம்தான், வாரிசுகளுக்கு.

அதே தட்டோட மறுபக்கத்துக்காரர் பில் மன்ரோ? எல்விஸ் பாட்டால தனக்குப் பெரிய பெரிய செக் வந்ததா அவரே சொல்லியிருக்கார். ரெண்டு பாட்டும் ஒரே பிளாஸ்டிக் வட்டத்துல இருக்கு. ஒண்ணு வித்தா இன்னொண்ணும் வித்தாகணும்!

க்ரூடப் பக்கமும் முழுக்க அவருடையதுதானான்னு கேட்டா, அதுவும் சிக்கல்தான். அதுல இருக்கற சில வரிகள் 1926-லயே பிளைன்ட் லெமன் ஜெஃபர்சன் பாட்டுல வந்துடுச்சு. ப்ளூஸ்ல வரிகள் நம்ம தெம்மாங்கு வரிகள் மாதிரி, ஊர் ஊரா வாய் வழியா அலையும். யார் முதல்ல பாடினதுன்னு யாருக்கும் தெரியாது. காப்பிரைட் சட்டத்துக்கு அந்தப் பதில் பிடிக்காது.

மன்ரோ பக்கம் இன்னும் சுவாரசியம். கென்டக்கியில சின்னப் பையனா இருந்தப்போ அவர் அர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர்கூடச் சேர்ந்து நடன விருந்துகள்ல வாசிச்சிருக்கார். ஷுல்ட்ஸ் ஃபிடில், இவர் கிட்டார். தன் இசையில இருக்கற ப்ளூஸ் அவர்கிட்ட இருந்து வந்ததுன்னு மன்ரோ பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அப்படின்னா நான் "வெள்ளைக்காரப் பக்கம்"னு நினைச்ச அந்தப் பாட்டுக்குக் கீழேயும் ஒரு ப்ளூஸ்காரர் இருக்கார்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு நாலு பாட்டையும் வரிசையா கேளுங்க. முதல்ல க்ரூடப், அடுத்து எல்விஸோட "தட்ஸ் ஆல் ரைட்", அப்புறம் மன்ரோவோட பழைய "ப்ளூ மூன்", கடைசியா எல்விஸோடது. அஞ்சாவதா அர்னால்ட் ஷுல்ட்ஸைச் சேர்க்கணும்னு எனக்கு ஆசை. முடியாது. 1931-ல அவர் இறந்தபோது அவரோட வாசிப்பை ஒருத்தர்கூடப் பதிவு செஞ்சிருக்கலை.